அப்பாவுக்குக் கீமோ பாதியில் நிற்கிறது. புரோபயாட்டிக் மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: நாங்கள் நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 62, விவசாயி. ஐந்து மாதங்களுக்கு முன்பு பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று நிணநீர்க் கணுக்களிலும் புற்று இருந்ததாக பயாப்சி முடிவு வந்ததால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்பும் அதனுடன் 14 நாள் கேபசிட்டபைன் மாத்திரையுமாக எட்டு சுற்று கீமோ சொல்லியிருக்கிறார்கள். நான்கு சுற்று முடிந்துவிட்டது. விரல்கள் மரத்துப்போவதால் அப்பா மிகவும் சோர்ந்திருக்கிறார். இந்நிலையில் உறவினர் ஒருவர், நன்மை செய்யும் பாக்டீரியா சுரக்கும் பொருள் கீமோ மருந்தைவிட வலிமையாகப் புற்றணுக்களை அழிப்பதாக ஜப்பானில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவை அனுப்பி, மாதம் 6,500 ரூபாய் விலையில் புரோபயாட்டிக் மாத்திரைக் குப்பி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மீதி நான்கு சுற்றுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா? போன சுற்று முடிந்த மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல் நீராகாரம் குடித்தபோது தொண்டை அடைத்து மூச்சு முட்டியது. அது பாக்டீரியா புற்றுடன் சண்டையிடுவதன் அறிகுறி என்கிறார் உறவினர். உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தஞ்சாவூரில் பல ஆண்டுகளாகப் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் மருத்துவராக இருக்கும் எனக்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவுக்குத் தொண்டை அடைத்ததற்கும் பாக்டீரியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்கு நரம்புகள் குளிர்ச்சியைத் தாங்காத நிலையில் இருக்கும். இரவு முழுவதும் பானையில் இருந்த தண்ணீர் நமக்கு இதமான குளிர்ச்சிதான். அந்த நரம்புகளுக்கோ அது ஊசி குத்துவதைப் போன்றது. தொண்டை இறுகியதுபோலவும் மூச்சு வராததுபோலவும் ஓர் உணர்வு ஏற்பட்டு, பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எங்கள் வார்டில் ஒரு பெரியவர், மகன் கடையிலிருந்து வாங்கி வந்த குளிர்ந்த மோர்ப் பாக்கெட்டைக் கையில் வாங்கியவுடன் மின்சாரம் தாக்கியவரைப்போல் கீழே போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கையில் நடந்தால் பொருள் கீழே விழுகிறது, தொண்டையில் நடந்தால் உயிர் போவதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

எனவே டிரிப் ஏற்றிய நாளிலிருந்து ஒரு வாரமாவது குடிக்கும் தண்ணீர், குளிக்கும் தண்ணீர், வாய் கொப்பளிக்கும் தண்ணீர் எல்லாமே வெதுவெதுப்பாக இருக்கட்டும். விடியற்காலையில் பம்புசெட்டுத் தண்ணீரில் கால் நனைப்பதையும் அவர் தவிர்க்க வேண்டும். ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பில் தடிப்பு, முகவீக்கம், இளைப்பு என்று ஏதாவது வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம் என்பதால் அந்த நொடியே செவிலியரை அழைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மறையாமல் நீடிக்கும் மரமரப்பை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, நடக்கும்போது செருப்பு காலில் நிற்கிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவரால் முடிவு செய்ய முடியும்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். புரோபயாட்டிக் மாத்திரையை நம்பி மீதிச் சுற்றுகளை நிறுத்தாதீர்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணத்தை நீங்களும் அப்பாவும் அந்த உறவினரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் அன்பினால்தான் செய்திருக்கிறார். வீடியோவில் சொல்லப்பட்டதும் முழுப் பொய் அல்ல.

அந்த ஜப்பான் ஆய்வு உண்மையானது. அசாஹிகாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் அதை வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி என்ற பாக்டீரியாவை வளர்த்த திரவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அதிலிருந்து ஃபெரிகுரோம் என்ற பொருளைக் கண்டெடுத்தார்கள். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ள சிறிய மூலக்கூறு அது. பெருங்குடல் புற்றணுக்கள் மீது அதை இட்டபோது, அணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் வழியை அது தூண்டிவிட்டது. அதன் விளைவு சிஸ்பிளாட்டின், ஃபுளூரோயூராசில் ஆகிய மருந்துகளுக்குச் சமமாக அல்லது அவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. புற்று இல்லாத குடல் அணுக்களை அந்த மருந்துகள் அளவுக்குப் பாதிக்கவும் இல்லை. உங்கள் அப்பா விழுங்கும் கேபசிட்டபைன் உடம்புக்குள் போய் மாறுவது இதே ஃபுளூரோயூராசிலாகத்தான். 'கீமோவைவிட வலிமை' என்ற சொல் இங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

ஆனால் அந்தப் போட்டி நடந்த இடம் கண்ணாடித் தட்டும், புற்றணுக்கள் செலுத்தப்பட்ட எலியின் உடம்பும். தட்டில் உள்ள புற்றணுவுக்கு ஓடி ஒளிய இடமில்லை. கல்லீரல் வந்து மருந்தைச் சிதைத்துவிடுவதும் இல்லை, சிறுநீரகம் வெளியேற்றிவிடுவதும் இல்லை. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய பொருளைத் தேவையான செறிவில் ஊற்றி, தேவையான நேரம் வரை அப்படியே வைத்திருக்கலாம். அப்பாவின் நிலைமையோ வேறு. அவருடைய கட்டியை அறுவை சிகிச்சை மருத்துவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். இப்போது நாம் பயப்படுவது நிணநீர், ரத்தம் வழியாகத் தப்பிப் போய்க் கல்லீரலிலோ நுரையீரலிலோ ஸ்கேனுக்குக்கூடத் தெரியாமல் பதுங்கியிருக்கக்கூடிய அணுக்களைப் பற்றி. குடலுக்குள் இறங்கும் ஒரு பாக்டீரியா அங்கே எதைச் சுரந்தாலும், அது இந்த அணுக்களைப் போய்ச் சேர வேண்டும். அங்கே அவற்றைக் கொல்லும் அளவில் இருக்கவும் வேண்டும். ஃபெரிகுரோம் அப்படிச் செய்யும் என்று மனிதர்களிடம் யாரும் காட்டியதில்லை.

ஃபுளூரோயூராசில் அதைக் காட்டியிருக்கிறது. உங்கள் அப்பாவைப் போலவே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஃபுளூரோயூராசிலையும் லெவாமிசோல் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 41 சதவீதமும் இறப்பு விகிதம் 33 சதவீதமும் குறைந்தன என்று 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு ஆக்சாலிபிளாட்டின் சேர்க்கப்பட்டதும் பலன் இன்னும் கூடியது. தட்டில் தோற்றதாகச் சொல்லப்படும் மருந்துதான் மனித உடம்பில் இத்தனை குடும்பங்களுக்கு ஆண்டுகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

பாக்டீரியா தயாரிக்கும் பொருளால் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்ற எண்ணமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் அன்றாடம் ஏற்றும் டாக்சோருபிசின், பிளியோமைசின், மைட்டோமைசின் எல்லாமே மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா தந்தவை. ஆனால் அவை மருந்தானது, பொருளைத் தனியே பிரித்து, எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவு கொடுத்தால் இதயமோ நுரையீரலோ கெடும் என்று மனிதர்களிடம் அளந்து பார்த்த பிறகுதான். யாரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் உள்ள மண்ணைக் கரைத்துக் குடிக்கச் சொல்லவில்லை.

நிசின் என்ற பொருளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாலுறைய வைக்கும் பாக்டீரியா இதைச் சுரக்கிறது. பாலாடைக்கட்டி கெடாமலிருக்க உலகெங்கும் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இதைத் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு எதிராக எலிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், கட்டிகள் குறைந்தன. வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து மெல்லும் வழக்கம் நம் ஊர்ப்பக்கத்தில் இன்னும் இருப்பதால், வாய்ப்புற்று நோயாளிகளைத் தினமும் பார்க்கும் எனக்கு அந்த முடிவுகள் உண்மையாகவே ஆர்வமூட்டின. ஆனால் எலிக்குக் கொடுத்த உயர்ந்த அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 800 மில்லிகிராம். உணவில் அது இருப்பதோ ஒரு கிலோ உணவுக்கு 0.25 முதல் 37.5 மில்லிகிராம் வரைதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, உணவில் இருக்கும் பொருளுக்கும் மருந்தாகக் கூடிய பொருளுக்கும் உள்ள தூரம் புரியும்.

இத்தகைய பொருட்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டதும், என் மதிப்பில் உங்கள் வீட்டுச் சமையலறைக்கு மிக நெருக்கமானதும் பியூட்டிரேட். நாம் உண்ணும் நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே உள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்கள் தம் எரிபொருளின் பெரும்பகுதியை பியூட்டிரேட்டிலிருந்துதான் பெறுகின்றன. நல்ல அணு அதை எரித்துத் தின்றுவிடும். புற்றணுவோ, ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் கண்டு சொன்னபடி, சர்க்கரையை நம்பியே வாழ்வது. அதனால் பியூட்டிரேட் அதனுள் எரியாமல் தேங்கி உட்கருவுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே மரபணுக்களைப் பூட்டிவைக்கும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் என்ற நொதியைத் தடுத்து, பெருகுவதை நிறுத்தும் மரபணுக்களை விழிக்கச் செய்கிறது. ஒரே பொருள் நல்ல அணுவுக்குச் சோறாகவும் கெட்ட அணுவுக்கு நஞ்சாகவும் இருக்கும் இந்த விந்தையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வியப்புதான் மேலிடுகிறது.

அப்படியானால் பியூட்டிரேட்டையே ஊசியாகப் போட்டால் என்ன என்று மருத்துவர்களும் நினைத்தார்கள். ரத்தப் புற்று நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 1987இல் வெளிவந்தது. ரத்தத்தில் அதன் ஆயுள், பாதியாகக் குறையும் கணக்கில், சுமார் ஆறு நிமிடங்கள்தான். நோயில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. பியூட்டிரேட் தன் வேலையைச் செய்வது அது பிறக்கும் பெருங்குடலில்தான், அதிலும் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தால்தான். அப்பாவின் கல்லீரலில் ஒளிந்திருக்கக்கூடிய ஓர் அணுவைத் தேடிப் போகும் ஆற்றல் அதற்கு இல்லை.

உங்கள் உறவினர் வாங்கிய குப்பி விஷயத்தில் இன்னொரு செய்தியும் முக்கியமானது. பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் பாக்டீரியா பீக்கேலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்றவை. காற்றுப் பட்டாலே பிழைக்காத இனங்கள் இவை. மருந்துக்கடையில் கிடைக்கும் பெரும்பாலான குப்பிகளில் இருப்பவை லாக்டோபேசில்லஸும் பைஃபிடோபாக்டீரியமும். அவை லாக்டிக் அமிலத்தையும் அசிட்டேட்டையும் தருமே தவிர பியூட்டிரேட்டைத் தருவதில்லை. அவற்றிலும் ஒரே பெயருள்ள இனத்துக்குள் ஒரு ரகம் செய்வதை இன்னொரு ரகம் செய்யாது. அப்பாவிடம் இதை எளிதாக விளக்கலாம்: உளுந்து விதைக்கு நேர்த்தி செய்ய ரைசோபியம் பொட்டலம் வாங்கப் போகும்போது, பயறு வகைக்கானதா நிலக்கடலைக்கானதா என்று கேட்டு, காலாவதி தேதியும் பார்த்துத்தானே வாங்குகிறார்? இரண்டின் பெயரும் ரைசோபியம்தான், ஆனாலும் கடலைக்கானதைக் கொண்டுவந்து உளுந்தில் கலந்தால் வேரில் முடிச்சு சரியாக விழாது என்று அவருக்குத் தெரியும். வீடியோவில் வந்த ஆய்வகத்து ரகமும் குப்பியில் இருக்கும் ரகமும் ஒன்றுதானா என்ற கேள்வியையும் அதே கண்ணோடு கேட்க வேண்டும்.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? ஜப்பானிலேயே, பெருங்குடல் கட்டிகள் அகற்றப்பட்ட 398 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி உட்கொண்டவர்களுக்குப் புதிய கட்டிகள் தோன்றுவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் தோன்றியவற்றில் ஓரளவு மோசமான மாற்றமுள்ள கட்டிகள் குறைவாக இருந்தன. நம்பிக்கை தரும் குறிப்புதான், சிகிச்சை அல்ல. அமெரிக்காவில் 2022இல், சிறுநீரகப் புற்று முற்றிய 30 பேருக்கு நோய் எதிர்ப்பு ஊக்கி ஊசிகளுடன் பியூட்டிரேட் தயாரிக்கும் கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தையும் சிலருக்குச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் முன்னேறாமல் நின்ற காலம் 2.5 மாதத்திலிருந்து 12.7 மாதமாக நீண்டது. சிறிய ஆய்வு என்றாலும் நான் உன்னிப்பாகக் கவனித்து வருகிறேன். அங்கேயும் பாக்டீரியா மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதே தவிர, மருந்துக்குப் பதிலாக அல்ல.

இதற்கு எதிரான முடிவும் உண்டு. 2021இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள புற்றுநோய் மருத்துவர்கள், மெலனோமா என்ற தோல் புற்றுக்கு எதிர்ப்பாற்றல் ஊக்கி மருந்து பெற்றவர்களின் உணவை ஆராய்ந்தார்கள். நாள்தோறும் 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த காலம் நீண்டிருந்தது. கடையில் புரோபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் கூடவில்லை. எலிகளிடம் செய்த சோதனையில் அந்த மாத்திரைகள் மருந்தின் பலனைக் குறைக்கவே செய்தன. அதோடு பாக்டீரியா சுரப்பவை எல்லாம் நமக்கு நல்லவையும் அல்ல. கோலிபாக்டின் என்று ஒரு பொருள் உண்டு, சில ஈ.கோலை ரகங்கள் தயாரிக்கும் இது குடல் அணுக்களின் டிஎன்ஏவில் ஒரு தனி அடையாளமாகத் தெரியும் சேதத்தை ஏற்படுத்துவதும், அதே அடையாளம் பெருங்குடல் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் காணப்படுவதும் 2020இல் வெளியாயின. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆல்ஃபிரட் நிஸில் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு போர்வீரரிடமிருந்து பிரித்தெடுத்து, இன்றும் புரோபயாட்டிக்காக விற்கப்படும் ஈ.கோலை நிஸில் 1917 என்ற ரகத்திடமே கோலிபாக்டினைத் தயாரிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று குப்பியில் அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கீமோ நடக்கும் காலத்தில் இதைவிட நேரடியான கவலை ஒன்றும் இருக்கிறது. டிரிப் ஏற்றிய இரண்டாவது வாரத்தை ஒட்டி வெள்ளை அணுக்கள் மிகவும் குறையலாம். அதே நேரத்தில் மருந்தினால் வாயிலும் குடலிலும் உட்சுவர் புண்ணாகியிருக்கும். அந்த நிலையில் ஒரு மாத்திரையில் கோடிக்கணக்கான உயிருள்ள பாக்டீரியாவை விழுங்கும்போது, அவை ரத்தத்தில் கலந்து காய்ச்சலை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் கடுமையான கணைய அழற்சி நோயாளிகள் 298 பேரிடம் நெதர்லாந்தில் செய்த சோதனையில் புரோபயாட்டிக் பெற்ற பிரிவில் 16 சதவீதம் பேரும் பெறாத பிரிவில் 6 சதவீதம் பேரும் இறந்தார்கள் என்று 2008இல் தெரிந்தபோது, நலிந்த உடம்புக்கு இவற்றைத் தீங்கில்லாதவை என்று கருதிய எங்களில் பலரும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஃபுளூரோயூராசில் பெற்ற 150 பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் பின்லாந்தில் செய்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற ரகத்தை உட்கொண்டவர்களிடம் கடுமையான வயிற்றுப்போக்கு 37 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. எனவே வயிற்றுப்போக்கு அப்பாவைப் படுத்தினால் மருத்துவரே ஒரு ரகத்தை எழுதித் தரக்கூடும். எந்த நாளில், எந்த ரகம் என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். அதுவரை அந்தக் குப்பியைத் திறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் உண்மையான துன்பம் மரத்துப்போகும் விரல்கள். நாற்றுக்கட்டைப் பிரிக்கவும் மண்வெட்டியைப் பிடிக்கவும் வேண்டிய கை அது. அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. சுற்றுகளைக் குறைக்க முடியுமா என்பதற்கு மாத்திரைக் குப்பியில் விடை இல்லை. ஆனால் விடை வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போன்ற 12,834 பேரை ஆறு சோதனைகளில் சேர்த்து, மூன்று மாதக் கீமோவையும் ஆறு மாதக் கீமோவையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2018இல் வெளிவந்தது. புற்று பரவிய கணுக்கள் ஒன்று முதல் மூன்று வரை இருந்து, கட்டி குடலின் வெளிச்சுவரைத் துளைக்காமலும் பக்கத்து உறுப்பைப் பற்றாமலும் இருந்தவர்களில், ஆக்சாலிபிளாட்டினும் கேபசிட்டபைனும் பெற்றவர்கள் மூன்று மாதத்தோடு நிறுத்தினாலும் மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்த விகிதம் 85 சதவீதம். ஆறு மாதம் பெற்றவர்களில் 83.1 சதவீதம். நரம்புப் பாதிப்போ மூன்று மாதம் பெற்றவர்களுக்கு மிகவும் குறைவு. அப்பாவுக்கு நான்கு சுற்று, அதாவது மூன்று மாதம் முடிந்திருக்கிறது, கணுக்களும் மூன்றுதான். கட்டி எந்த ஆழம் வரை போயிருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பயாப்சி முடிவில் 'டி' என்ற எழுத்தை ஒட்டி ஓர் எண் இருக்கும். அது 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மருத்துவரிடம் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். எண் 4 என்றால் ஆறு மாதம் தேவைப்படலாம். அப்போதும் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் குறைத்து அல்லது நிறுத்தி கேபசிட்டபைன் மாத்திரையைத் தொடரும் வழி உண்டு. குடல் அடைப்போ ஓட்டையோ ஏற்பட்டு அவசரமாக அறுவை செய்திருந்தால் கணக்கு மாறும் என்பதால் முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். நான்கோடு நிறுத்தலாம் என்று அவர் சொன்னால் மனநிம்மதியோடு நிறுத்துங்கள். அப்படி நிறுத்துவது வேறு, ஒரு வீடியோவை நம்பி யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே நிறுத்திவிடுவது வேறு. இரண்டாவது வகையில் நிறுத்தியவர்கள் எட்டு, பத்து மாதம் கழித்துக் கல்லீரல் வீங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உணவைப் பற்றிச் சொல்வதென்றால், அப்பாவுக்கே நன்கு தெரிந்த ஒரு வேலையை நினைவூட்டுவேன். நாற்று நடுவதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறாரே, அது மண்ணில் உள்ள நுண்ணுயிருக்குச் சோறு போடுவது. பொட்டலத்தில் வாங்கிய உயிர் உரத்தை மட்டும் தூவிவிட்டு, மட்குவதற்கு ஒன்றுமில்லாத வெற்று மண்ணாக விட்டால் அது எத்தனை நாள் நிலைக்கும்? குடலிலும் அப்படியே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேருக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேருக்கும் இரண்டு வாரம் உணவை மாற்றிக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. நார்ச்சத்து மிகுந்த கிராமத்து உணவுக்கு மாறியவர்களின் குடலில் பியூட்டிரேட் ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. யாருக்கும் அங்கே ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. அதேபோல், பரம்பரையாகப் பெருங்குடல் புற்று வரக்கூடிய லிஞ்ச் குறைபாடு உள்ளவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் வீதம் செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்த நீண்ட ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பெருங்குடல் புற்று குறையவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இரைப்பை, கணையம் போன்ற மற்ற உறுப்புகளில் வரும் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சற்றுக் காயாக இருக்கும் வாழைப்பழத்தில் உள்ள மாவுச்சத்து அந்த வகையைச் சேர்ந்ததுதான். வாழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு நாம் குப்பிக்கு 6,500 ரூபாய் கொடுக்கிறோம்.

ஆகவே கீமோ முடிந்து குடல் தெளிந்த பிறகு, வாழைக்காய், வாழைப்பூ, தோல் நீக்காத உளுந்து, பச்சைப்பயறு, கீரை, தீட்டாத அரிசி என்று அவர் வயலிலும் கொல்லையிலும் விளைவதையே சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 2,000 கலோரி உணவில் 30 கிராம் நார்ச்சத்து இருக்கச் சொல்கிறது. வாழைத்தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். குடலை இணைத்த இடம் குறுகலாக இருந்தால் நீண்ட நார் சிக்கிக்கொள்ளும். இப்போது, கேபசிட்டபைன் வயிற்றைக் கலக்கும் நாட்களில், இவற்றைக் குறைத்துக் குழைந்த சோறும் பருப்பும் கொடுப்பதே நல்லது.

நீராகாரம் அவருக்கு எவ்வளவு பிரியமானது என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடுவதும், ஊறும்போது லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகுவதும் உண்மை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் அழற்சி நோய்க்கு அதை ஆராய முன்வந்ததும் நல்ல செய்தி. ஆனால் அது புற்றுநோய்க்கான ஆய்வு அல்ல. வெள்ளை அணு குறையும் காலத்தில், இரவெல்லாம் வெளியில் ஊறிய சோற்றில் எந்தெந்த நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸின் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. கடைசிச் சுற்று முடிந்து ரத்தப் பரிசோதனை சீராகும் வரை நீராகாரத்தை நிறுத்திவையுங்கள். நன்கு காய்ச்சிய பாலில் வீட்டிலேயே அன்று உறைந்த தயிரைப் புளிப்பேறுவதற்கு முன், குளிர்ச்சி போன பிறகு, சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். வெள்ளை அணு மிகவும் குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னால் அந்தச் சில நாட்களுக்கு அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பயாப்சி முடிவின் நகலையும் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் ரகத்தின் பெயரையும் எண்ணையும் மருத்துவர் படித்துப் பார்க்கட்டும். உறவினரையும் உடன் அழைத்துப் போனால் நல்லது. வீடியோவில் கேட்டதை அவரே மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வார். இடையில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு போனாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் கேபசிட்டபைன் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்பாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.